செம்பியனின் தாலாட்டு

2023 நவம்பரில், காரைக்கால் பட்டினச்சேரிக் கரைக்கு, கவிழ்ந்த ஃபைபர் படகு ஒன்றைக் கவிழ்ந்தபடியே இழுத்து வந்தார்கள். கரையில் புரட்டியபோது, தனியாகக் கடலுக்குப் போயிருந்த செம்பியன் அதன் அடியில் வலையில் சிக்கி இறந்து கிடந்தான்.

அடுத்த வருஷம் நடந்தது இது. நம் ஆல்போன்ஸின் தங்கை மகன் ஸ்டெஃபானுக்கு. நெருங்கி உட்காருங்கள்...

உச்சி வெயில். கடற்கரைச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. ஸ்டெஃபான் பைக்கில் போகிறான். காதில், போனிலிருந்து, அவனே மெட்டுப் போட்ட பாட்டு. செம்பியன் அவனோடு பள்ளியில் படித்தவன். ஒருநாள் கனவில் வந்தான்... தண்ணீர்மேல் மல்லாந்து, சிரித்த முகமாய். அந்த முகத்துக்குத்தான் பாட்டு. முதல் வருஷத் திதியில் போட வேண்டும். ஸ்பீக்கர் செலவு படகுக்காரர் முத்தையனுடையது. படகை இழுத்து வந்ததும் அவர்தான்.

'அலை தாலாட்ட உறங்கிப் போனாய்...'

டக் டக்... டக்.

வண்டியை நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். அந்த வரியை மறுபடி போட்டான்.

டக் டக்... டக். காலித் தொட்டியை உள்ளேயிருந்து தட்டுவதுபோல. சுற்றிலும் டீசல் வாடை, ஈர வலையின் கவிச்சி. அவனுடையது பெட்ரோல் வண்டி.

வீட்டுக்குப் போய்ப் பாட்டைக் கேட்கக் கொடுத்தபோது, செம்பியனின் மனைவி தேவிகா அந்த வரி வந்ததுமே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"உறங்கிப் போனாருன்னு யாருண்ணே சொன்னா?"

"கனவுல பாத்தேன் தங்கச்சி. மொகம் அவ்வளவு அமைதி..."

"அமைதியா? அவரு நிம்மதியா போயிட்டாருன்னு சொன்னாதான் ஊருக்குத் தூக்கம் வருது போல! அந்தக் கையப் பாத்தீங்களா? வெரல் முட்டியெல்லாம் தோலு பிஞ்சி கெடந்துது. கடல்லேருந்து வந்தா எங்க கதவ, இதுல கேக்குதே, இப்புடித்தான் தட்டுவாரு."

"அந்தச் சத்தத்த எடுத்துடறேன்..."

"அந்தச் சத்தத்தத் தொட்டுப் பாருங்க!"

அவன் தொடவில்லை.

திதியன்று கடற்கரையில் பாட்டு ஓடியது. அந்த வரி வந்தது. டக் டக்... டக். மைக்செட்காரர் பதறிப்போய் வயரைப் பிடுங்கினார். பாட்டு நின்றது.

தட்டல் நிற்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை அது. மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த அந்தப் படகிலிருந்து வந்தது...

முத்தையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"போதும்டா செம்பியா! அன்னிக்கும் இப்புடித்தான்... கர வரைக்கும்..."

யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

தேவிகா எழுந்தாள். "கேட்டுக்கிட்டேதான் இழுத்தியா மாமா?"

"அல மோதுதுன்னு நெனச்சேன்... நடுக்கடல்ல பொரட்டுனா வல கடலோட போயிடும்னு..."

அவள் காறித் துப்பினாள்.

மறுநாள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். ஸ்டெஃபான் தன் போனை ஒப்படைத்தான். போட்டுக் கேட்டார்கள். அதில் பாட்டு இல்லை. படகு இன்ஜின் ஓடும் சத்தமும், விடாமல் தட்டும் சத்தமும் மட்டும் இருந்தன. கடைசியில், கரை நெருங்கி, இன்ஜின் வேகம் குறைகிறது. அதற்குச் சற்று முன்பு தட்டல் நின்றுவிடுகிறது.