பச்சை கேட்டு வீட்டுக்குக் கடைசி விலை

ரொலான்: குடும்பத் தலைவர் என்ற முறையில், நமது பொருளாதார வரலாற்றின் மாபெரும் முடிவை இப்போது அறிவிக்கிறேன். ஜொசியான், நீ எழுந்து நிக்க வேணாம்.

ஜொசியான்: நிக்கிற ஐடியாவே இல்ல. கீரை ஆயறேன். அறிவிங்க.

ரொலான்: முதலீடா ஒரு வீடு வாங்கறோம். இவ்ளோ நாள் ரகசியமா வெச்சிருந்தேன். கடைசி ஆஃபர், எண்பத்தஞ்சு லட்சம்!

ஜொசியான்: எந்த வீடு?

ரொலான்: உழவர்கரையில. பச்சை கேட்டு, வாசல்ல முருங்கை மரம்...

ஜொசியான்: பச்சை கேட்டா?

ரொலான்: ஏன், அந்த வீடு தெரியுமா?

ஜொசியான்: இல்ல... கீரைல புழு. சொல்லுங்க.

ரொலான்: எழுபத்தெட்டுல ஆரம்பிச்சேன். எவனோ எண்பதுன்றான். நான் எண்பத்தி ரெண்டுன்னா, அவன் எண்பத்தி நாலுன்றான். கண்டிப்பா சென்னைக்காரன்.

ஜொசியான்: அது எப்படித் தெரியும்?

ரொலான்: பேராசைய வெச்சித்தான். பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவன் நான். எதிரி மனசு எனக்கு...

ஜொசியான்: நீங்க மெஸ்ல வெங்காயக் கணக்கு பாத்தீங்க.

ரொலான்: வெங்காயம் இல்லாம எந்த யுத்தம் நடந்திருக்கு?

ஜொசியான்: சரி, சரி. அங்க உங்க பேரு தெரியாதா?

ரொலான்: நல்லா கேட்ட! சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன்காரன்னு தெரிஞ்சா, யூரோல வருதுன்னு பத்து லட்சம் ஏத்திடுவாங்க. என் ஃப்ரெண்டு கோவிந்தராசு எனக்காகத் தன் பேர்ல கேக்கறான். நம்மாளுங்க எல்லாரும் ஆள வெச்சித்தான கேக்கறாங்க?

ஜொசியான்: ஆமா... எல்லாரும் அப்படித்தான். பணத்துக்கு எங்க போவீங்க? அரியாங்குப்பத்து மனை வித்து வந்த என் பங்கையா எடுக்கப் போறீங்க?

ரொலான்: சேச்சே. அது உங்கப்பா உனக்குக் குடுத்தது. என்கிட்ட எண்பத்தி ரெண்டு இருக்கு. மீதி... பாரீஸ் டிக்கெட் பணம்.

ஜொசியான்: நம்ம பொண்ணு சாந்த்ரின் கொழந்தயப் பாக்கப் போற பணமா?

ரொலான்: வீடியோல பாக்கறோமே...

ஜொசியான்: வீடியோல உச்சி மோந்து பாக்க முடியுமா? வாடகைக்கு ஆசப்பட்டு பேத்திய விடறதா?

ரொலான்: வாடகைக்கு விடப் போறதில்ல.

ஜொசியான்: பின்ன?

ரொலான்: நாம குடி போறதுக்கு. தரை வீடுடி. படியே கெடையாது.

ஜொசியான்: படி உங்கள இன்னா பண்ணிச்சி?

ரொலான்: என்னைய இல்ல, உன் முட்டிய. மூணாவது மாடி ஏறும்போது நடுவுல ரெண்டாவது மாடில கமலா வீட்டுக் கோலத்த ரசிக்கிற மாதிரி நிக்கற. அது ஸ்டிக்கர் கோலம், ஜொசியான். மாறவே மாறாது.

ஜொசியான்: ...அதப் பாத்தீங்களா?

ரொலான்: தெனமும் பாக்கறேன். சொன்னா ஒத்துக்குவியா? எனக்கு ஒண்ணுமில்லன்னு ரெண்டு ரெண்டு படியா தாவுவ. அதான் முதலீடுன்னு பேரு வெச்சேன்.

ஜொசியான்: ஐயா மட்டும் ஒழுங்கா? அதே மாடில நின்னுகினு யாரு கூட போன் பேசறீங்க?

ரொலான்: அது... நம்ம ஃப்ரெண்டு ஃபாபிரிஸ் கூட.

ஜொசியான்: போன் சார்ஜுல கெடக்கும்போதும் வெறுங்கைய காதுல வெச்சிகினு பேசனீங்க. எனக்கு மூச்சு எரைக்கற சத்தம்தான் கேட்டுது.

ரொலான்: அது... வெயிலு.

ஜொசியான்: டாக்டர்கிட்ட வாங்கன்னா, மிலித்தேர் நெஞ்சு, பட்டாளத்து நெஞ்சுன்னு தட்டிக் காட்டறீங்க. நான் வேற இன்னாதான் பண்றது?

ரொலான்: அழுவாத. அதுக்குத்தான வீடு. கோவிந்தராசுக்கு போன் போட்டு எண்பத்தஞ்சுன்னு சொல்லிடறேன். அந்த சென்னைக்காரன் ஓடட்டும்.

ஜொசியான்: வேணாங்க. அந்த சென்னைக்காரன் என் தம்பி லூர்துபிரகாஷ்தான். உங்க மூச்சுக்காக என் பங்குப் பணத்துல நான்தான் அவன கேக்கச் சொன்னேன். காலையிலயே அட்வான்ஸ் குடுத்துட்டான்.