பச்சை எரிந்தால் போய்ச் சேர்ந்தது

கரிசல் தூசிக்குக் கம்ப்யூட்டர் பெட்டிகள் தாங்காது, சார். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை ஒரு பழைய பனியன் துணியோடு திருச்சுழிக்குப் பஸ் ஏறிவிடுவேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை, எட்டு வருஷமாக அப்படித்தான். என் போன் உங்கள் மேஜையிலேயே இருக்கட்டும், எனக்கொன்றும் அவசரமில்லை.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ரேணுகாதேவியம்மாவுக்கு அருப்புக்கோட்டையில் ஆஸ்பத்திரி. திருச்சுழியிலும் பாலவனத்தத்திலும் சின்னதாக இரண்டு கிளினிக். அங்கே டாக்டர் கிடையாது, ஆளுக்கொரு நர்ஸ்தான். திருச்சுழியில் தங்கலட்சுமி, பாலவனத்தத்தில் பிரவீணா. நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் ஈசிஜி எடுத்து அனுப்புவார்கள். டாக்டரம்மா இங்கிருந்தே பார்த்துவிட்டு, இந்த ஊசி போடு, ஆம்புலன்ஸில் ஏற்று என்று போனில் சொல்வார்.

மூன்று இடத்திலும் இரண்டிரண்டு லைன். ஒன்று கேபிள், இன்னொன்று சிம் கார்டு. ரோடு தோண்டுகிறவன் கேபிளை அறுத்தாலும் பெட்டி தானாகவே சிம்முக்கு மாறிக்கொள்ளும். எஸ்டி-வான் என்று இதற்குப் பெயர். எது முதலில் போக வேண்டும், எது வரிசையில் நிற்க வேண்டும் என்பதை நான் அருப்புக்கோட்டையில் உட்கார்ந்தபடியே ஒரு திரையில் எழுதி வைப்பேன். ஈசிஜிக்குத்தான் எப்போதும் முதலிடம். கிளினிக் சுவரில் மாட்டிய கண்காணிப்புக் கேமரா படமெல்லாம் கடைசி.

நர்ஸுகளைப் பழக்கியதும் நான்தான். பெட்டியில் பச்சை எரிந்தால் ஈசிஜி படம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். நிஜத்தில் பச்சை என்றால் லைன் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். அதையெல்லாம் விளக்கப் போனால் குழம்பிவிடுவார்கள். காலை நேரக் கூட்டத்தில் போன் அடித்தால் டாக்டரம்மாவும் எரிந்து விழுவார். அதனால் பச்சை எரிந்தால் பேசாமல் காத்திருக்க வேண்டும் என்பது அங்கே பழக்கமாகிவிட்டது.

போன மாதம் மதுரையிலிருந்து இதே வேலைக்கு ராம்குமார் வந்தான். நல்ல பிள்ளை, என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். அவன் முன்னாலேயே டாக்டரம்மா சொன்னார், "ஒண்ணாந்தேதியில இருந்து இவரு பாத்துக்கிடட்டும். நீங்க பெட்டி தொடைக்கப் போங்க, அதுக்கு உங்கள விட்டா ஆளில்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. அதை உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?

யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, சார். டாக்டரம்மா ஒரே ஒருமுறை என்னைத் தேடிக் கூப்பிட வேண்டும். ராம்குமார் முழித்துக்கொண்டு நிற்கும்போது நான் இரண்டு நிமிஷத்தில் சரிசெய்ய வேண்டும். என் திரையை இன்னும் யாரும் பிடுங்கவில்லை. அதற்காகத் திருச்சுழிப் பெட்டியில் வரிசையை மாற்றினேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிலிருந்து கேமரா முதலில், ஈசிஜி கடைசியில். கேமரா படம் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அதன் பின்னால் நிற்பதற்கு முறையே வராது.

போன் அதிர்கிறது. விடுங்கள் சார், முக்கியமாக இருந்தால் மறுபடி அடிப்பார்கள்.

நேற்று பத்தேகாலுக்கு உரக்கடை காசிராஜன் வந்தார். கூடவே அவர் சம்சாரம் கோகிலாம்பாள். என் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராவுக்கு முதலிடம் கொடுத்திருந்ததால் படம் அவ்வளவு துல்லியம். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது. அதே திரையில், கீழ்மூலையில், அவருடைய ஈசிஜி வரிசையில் நின்றது.

தங்கலட்சுமி என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, அம்மா இன்னும் கூப்பிடல. பெரியவுகளுக்கு ரொம்ப வேர்க்குது."

"பச்சை எரியுதா?"

"எரியுதுண்ணே."

"அப்பப் போயிருச்சும்மா. பொறு."

கால் மணி கழித்து மறுபடி கூப்பிட்டாள். பின்னாலிருந்து கோகிலாம்பாள் குரலும் கேட்டது. "தாயி, நாங்க ஆட்டோ பிடிச்சு அருப்புக்கோட்டைக்கே போயிருறோமே." தங்கலட்சுமி, "படம் போயிருச்சும்மா, டாக்டரம்மா பாத்துக்கிட்டுதான் இருக்காக, அலைய வேணாம்" என்றாள். நான் பழக்கியபடியே பேசினாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது தடவை அழுதுகொண்டே கேட்டாள். "நானே அம்மாவுக்குப் போன் போட்டுரவாண்ணே?"

"வேண்டாம், சத்தம் போடுவாக" என்றேன்.

அப்போது நான் வரிசையை மாற்றியிருக்கலாம். ஒரு விரல் வேலை. ஆனால் டாக்டரம்மா இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு முன்பே சரியாகிவிட்டால் கெட்டுப்போனதே யாருக்கும் தெரியாது. அப்புறம் நான் எதற்காக இவ்வளவும் செய்தேன்? போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பதினொன்று பத்துக்கு காசிராஜன் பெஞ்சில் சரிந்தார். அந்தம்மா அவர் தலையை மடியில் தூக்கி வைத்து, முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் விசிறினார். அந்தப் படத்திலும் ஒரு தடங்கல் இல்லை.

சாயங்காலம் ராம்குமார் திருச்சுழிப் பெட்டியைத் திறந்து பார்த்து, யார் எப்போது மாற்றியது என்று கண்டுபிடித்துவிட்டான். சரியும் செய்துவிட்டான். கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். எங்கே கெட்டதோ அங்கே மட்டும் பார்த்தான். ஒரு கிளினிக் மட்டும் தாமதமானால் டாக்டரம்மா பொருட்படுத்த மாட்டார் என்று எனக்கு முன்பே தோன்றியிருந்தது. அதனால் பாலவனத்தத்துக்கும் அதே மாதிரி எழுதி வைத்திருந்தேன், புதன்கிழமை காலை பத்து மணிக்கு.

இன்று புதன்தான். நீங்கள் எட்டு மணிக்கே என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்துவிட்டீர்கள், திருச்சுழியைப் பற்றி மட்டுமே கேட்டீர்கள். பாலவனத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் பொய் பேசுகிறவன் இல்லை. இப்போது மணி பத்தே முக்கால். என் போன் மூன்றாவது தடவையாக அதிர்கிறது. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மாவாக இருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன், சார்.

பிரவீணாதான்.