ஆளில்லாத தீவிலிருந்து வந்த கவர்

ஜெர்சி சிட்டி ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும். நான் போனைப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஸ்காட்லாந்துல ஆளே இல்லாத தீவுலேர்ந்து உங்களுக்கு யாருங்க லெட்டர் போடறாங்க?" என்றாள்.

"நானேதான். நம்ம அட்ரஸ் எழுதி கவர் அனுப்புவேன். அங்க டூரிஸ்ட் போட் ஓட்டறவர் ஸ்டாம்ப் ஒட்டி, தீவு முத்திரை குத்தி, திருப்பி போஸ்ட் பண்ணுவார்."

"உள்ள ஒண்ணுமே இல்லையே."

"இருக்காது. கவரைத்தான் சேர்க்கறேன்."

"ஸ்டாம்பைத்தானே சேர்ப்பாங்க? ஸ்கூல்ல நாங்க தண்ணில ஊறவச்சு உரிச்சு ஆல்பத்துல ஒட்டுவோம்."

"இதுல கவர், ஸ்டாம்ப், முத்திரை மூணும் சேர்ந்திருந்தாத்தான் மதிப்பு. உரிச்சா எல்லாம் போச்சு. ஏன் கேக்கற?"

"உங்க பர்த்டேக்கு ஆல்பம் ரெடி பண்ணேன்."

அவர் மெதுவாகக் கேட்டார். "எல்லாத்தையுமா?"

"கடைசி கவர் இன்னும் சிங்க்ல ஊறிட்டிருக்கு. ஏன், திரும்ப ஒட்டிடலாமா?"