மூலை வீட்டின் மேல் சாய்ந்த சந்து

தலைமை ஏற்றிருக்கும் நகரத் தலைவி ஹெல்கார்ட் அம்மையார் அவர்களே! ஊன்றுகோலோடும் உறுதியோடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் அன்னையரே! நேற்று பீர் கடையில் என்னோடு மல்லுக்கட்டிவிட்டு இன்று கைதட்டக் காத்திருக்கும் நண்பர்களே! ஆண்டாண்டாக உங்கள் புகைபோக்கிகளைத் துடைத்துவரும் இந்த வோல்ஃப்ராமின் கரிபடிந்த வணக்கம்!

நான் மேடையேறும்போது என் சட்டைப் பொத்தானைத் தொட்ட அம்மா யார்? நீங்களா? நல்லது. புகைபோக்கிக்காரனைத் தொட்டவருக்கு அதிர்ஷ்டம். இன்று அது நம் ஊருக்கே தேவைப்படுகிறது.

வாத்துச் சந்தின் மூலையில் பூட்டிக் கிடக்கும் வீட்டை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்தலாமா என்பதே இன்றைய கேள்வி. "ஆளில்லாத வீடு எதற்கு?" என்கிறார்கள். எதற்கா? சொல்கிறேன், கேளுங்கள்!

ஐந்நூறு ஆண்டுகள்! கொள்ளைநோய் வந்தது, போனது. படைகள் வந்தன, போயின. அந்தச் சந்தின் வீடுகள் போகவில்லை! ஓக் மரத்தை ஈரத்தோடு வெட்டினார்கள். ஆணிக்குப் பதில் மரமுளை அடித்தார்கள். இடைவெளியில் வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பினார்கள். குடிபுகுந்த பிறகுதான் மரம் காய்ந்தது. காய்ந்த மரம் முறுக்கியது. முறுக்கிய வீடு சாய்ந்தது. சாய்ந்த வீட்டை அடுத்த வீடு தாங்கியது! பரணுக்குள் தலையை நீட்டும்போதெல்லாம், இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அதே சந்தில் குடியிருக்கும் நம் தையற்காரர் டெட்லெஃபுக்கு மட்டும் சிலிர்க்கவில்லை. அவருக்கு எரிச்சல் வந்தது! கோணல் தையலைப் பொறுக்காத மனிதர், கோணல் வீட்டைப் பொறுப்பாரா? தட்டில் வைத்த உருளைக்கிழங்கு உருண்டை ஒருநாள் தரையில் ஓடியது. மறுநாளே ஜாக்கி வைத்தார். வீட்டை நிமிர்த்தியும்விட்டார்! தூக்குக்குண்டு கட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்து வீட்டு மெக்ட்டில்ட் அம்மாளின் வாசற்கதவு இறுகிக்கொண்டது. அழுத்திக்கொண்டிருந்த வீடு விலகியதும் அவர் வீட்டு மரச்சட்டம் நெளிந்துவிட்டது. பிளம் கேக்கோடு சன்னல் வழியே தலையை நீட்டினார்.

"யோவ் டெட்லெஃப்! உன் வீட்ட நிமித்துறேன்னு என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டியே!"

"கோணல்மாணலா இருந்தா நல்லாவா இருக்கு?"

"உன் மூக்கு கூடத்தான் கோணலா இருக்கு. அதுக்கும் ஜாக்கி வைக்கிறதுதானே?"

சிரிக்கிறீர்கள். அன்று சிரிக்க முடியவில்லை. அவர் வீட்டுச் சுவர் வெடித்தது. பூச்சு கொத்தாக விழுந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அந்த அம்மாளுக்கு வீடே இல்லை! டெட்லெஃப் வெளிறிப்போனார். மெல்ல மெல்ல ஜாக்கியை இறக்கினார். வீடு பழையபடி சாய்ந்தது. கதவு தானாகத் திறந்தது.

"உள்ள வாய்யா, காப்பி ஆறுது."

"உங்க நாற்காலியும் சாய்ஞ்சிருக்கே…"

"சாய்ஞ்சே உக்காரு!"

ஊராரே! டெட்லெஃப் சாய்ந்திருப்பது மெக்ட்டில்ட் வீட்டின்மேல். மெக்ட்டில்ட் சாய்ந்திருப்பது எதன்மேல்? அந்த மூலை வீட்டின்மேல்! ஒரு வீடு நிமிர்ந்ததற்கே இந்தப் பாடு. மூலை வீடே போய்விட்டால்? ஆளில்லாத வீடா அது? ஒரு சந்தே அதன் தோளில் அல்லவா குடியிருக்கிறது!

என்ன டெட்லெஃப், எழுந்து நிற்கிறீர்?

"இடிக்கக் கூடாதுங்க. நான் சொன்னேன்னு எழுதிக்குங்க!"

கேட்டீர்களா? நேர்கோட்டு மன்னரே சொல்லிவிட்டார்!

இன்னும் ஒன்றே ஒன்று. பூச்சு விழுந்த அந்தச் சுவரில் நான் ஒன்றைப் பார்த்தேன். களிமண்ணில் பதிந்த ஒரு கை. ஐந்து விரல்களும் மேல்நோக்கி! அப்பியவர் பேர் தெரியாது, ஊர் தெரியாது. என் கையை அதன்மேல் வைத்தேன். பொருந்தியது. அழுதுவிட்டேன்.

தலைவி வாக்குக் கேட்கப் போகிறார். வீடு நிற்கட்டும் என்று அந்தக் கை ஐந்நூறு ஆண்டுகளாகத் தூக்கியபடியே இருக்கிறது. உங்கள் கையையும் அதனோடு தூக்குங்கள்! பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்!