செடி கருகியதற்குக் காரணம்

பேரணாம்பட்டு பஸ்ஸில் என் முன் சீட்டில், ஷூ கம்பெனி அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"செடிங்கள கொன்னது என் கை இல்லக்கா."

"பின்ன இன்னா?"

"தண்ணி. வாட்டர் ஃபில்டர்ல வெளிய வர்ற வேஸ்ட் தண்ணியத்தான் மாடித் தோட்டத்துக்கு ஊத்தினு இருந்தேன்."

"நம்ம ஊரு போர் தண்ணியே உப்பு. ஃபில்டர் பிரிக்கிற உப்பெல்லாம் அதுலதானே வரும்."

"அது தெரியாம, மண்புழு உரத்த ஜாஸ்தியா போட்டுனே இருந்தேன். எல்லாம் கருகிச்சி. ராசியில்லாத கைன்னுட்டாங்க மாமியார். இப்ப குடிக்கிற தண்ணில அரிசி கழுவி, அத்த ஊத்தறேன். மிளகா பூ வச்சிருக்குது."

"மாமியார் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. நேத்து ஒரு கருவேப்பில கன்னு வாங்கியாந்து, 'நீயே நட்டு வை'ன்னாங்க."