விழுங்கிய கேள்வி

அறிவையும் பொறுமையையும் அருகருகே அமரவைத்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் இருந்து முகம் பார்க்கும் மூத்த பேராசிரியர்களே! பிள்ளைகள் ஆய்வுக்கூடமே கதியென்று கிடந்தபோது ஆறிய சோற்றை அலுக்காமல் சூடாக்கிய அன்னையரே! திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன என் மாணவச் செல்வங்களே! வணக்கம்.

பதற்றத்தோடுதான் நிற்கிறேன். மறைக்க மாட்டேன்.

எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதிக் கலந்தால் அண்டவெளியே அதிர்கிறது. ஈர்ப்பலை என்னும் அந்த அதிர்வு நம்மையும் அசைத்துவிட்டுப் போகிறது. உணர்ந்தீர்களா? நானும் உணரவில்லை. அணுக்கருவைவிடச் சிறிய அசைவு அது. தெருவில் லாரி போனாலே பதறும் எங்கள் கருவி அதை அளக்க வேண்டும்.

கோடையில் அப்படி ஓர் அலை சிக்கியது. துள்ளினோமா? இல்லை! எங்கள் வழக்கம் அப்படி. நாங்கள் விழிப்பாக இருக்கிறோமா என்று சோதிக்க, வெளியே சொல்வதில்லை என்று வாக்களித்த மூன்று பேர் மட்டும் அறிய, போலி அலையைக் கருவிக்குள் நுழைப்பதுண்டு. எதுவென்று தெரியாமலே ஆய்ந்து, கட்டுரைவரை எழுதி முடிக்க வேண்டும். உண்மை என்றால், இந்தக் குழு கண்ட முதல் அலை. போலி என்றால், அத்தனையும் குப்பைக்கூடைக்கு.

அந்த மூவரில் ஒருவர் நம் அவைத் தலைவர். அவர் என் வீட்டுக்காரர்.

சிரிக்கிறீர்களா? ஒரு வாரம் என் இடத்தில் இருந்து பாருங்கள்! அவர் உப்புக் கேட்டால் அதிலும் பொருள் தேடினேன். பாட்டு முணுமுணுத்தால் உண்மை என்று குதித்தேன். முகம் சுளித்தால் போலி என்று படுத்துவிட்டேன். பல்வலி என்று பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் கணக்கு உதைத்தது. எத்தனை முறை போட்டாலும் உதைத்தது. சமையலறையில் நின்று அழுதேன். அடுப்பை அணைத்துவிட்டு அருகில் வந்தார்.

"கேக்காத. நீ கேட்டா நான் சொல்லிடுவேன்."

வாய்வரை வந்த கேள்வியை விழுங்கினேன். எனக்காக அல்ல, அவர் வாக்குத் தவறிவிடக் கூடாது என்பதற்காக. மறுபடி முதலிலிருந்து கணக்கைப் போட்டேன். நேரானது.

அலை போலியாக இருக்கலாம். உழைப்பு போலியா? உறங்காத கண்கள் போலியா? உதைத்த கணக்கோடு போராடிய உள்ளம் போலியா? இல்லை, இல்லவே இல்லை! ஆனாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். இன்று, இந்த மேடையில், அவர் அறிவிப்பார் என்பது ஏற்பாடு. அதற்கு முன் இன்னும் இரண்டு உரைகள் இருக்கின்றன. அந்த இருவரும் என்னை மன்னிக்க வேண்டும்.

செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

தலைவர் அவர்களே, ஒலிவாங்கி இதோ. இப்போது கேட்கிறேன். சொல்லுங்க.