எச்சரித்தவருக்கு ஓர் அங்கி

சிர்கா: கையைத் தூக்குங்க அத்தான். இன்னும் கொஞ்சம்… ம்ஹூம். கல்யாணத்துக்குத் தைச்ச கோட்டு. இவ்வளவு புகழைத் தாங்க மாட்டேங்குது.

போலோத்: மெதுவா இழு. அக்குள்ல தையல் விட்டுடும்.

சிர்கா: விட்டா என்ன? மேல அங்கி போத்தத்தானே தலைநகரம் பிஷ்கெக்ல இருந்து பெரிய மனுஷங்க கார் எடுத்துட்டு வர்றாங்க. பட்டு நூல் வேலைப்பாடாம், தோள்ல தங்கச் சரிகையாம். உள்ள கிழிஞ்சிருக்கிறது யாருக்குத் தெரியும்?

ஐசிரெக்: சிர்கா, நீ போய் அடுப்பைப் பாரு. என் புருஷனுக்கு பட்டன் போட எனக்குத் தெரியும்.

சிர்கா: இருக்கட்டும்க்கா. எந்தக் கொழுந்தியாளுக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்? "பனியோட பேசும் மனிதர்"! டிவியில அப்படித்தானே போட்டாங்க?

போலோத்: அது அவங்களா வெச்ச பேரு.

சிர்கா: அந்த மைக் பிடிச்ச பொண்ணு கேட்டா, "பனி உங்ககிட்ட பேசுமா?"ன்னு. நீங்க உடனே பதில் சொல்லலை. மலையைப் பார்த்தீங்க. பெருமூச்சு விட்டீங்க. அப்புறம் "பேசும்"ன்னீங்க. எனக்கே புல்லரிச்சுப் போச்சு. ஆமா, எந்த பாஷையில பேசுச்சு அத்தான்? நம்ம பாஷையிலயா, ரஷ்ய பாஷையிலயா?

போலோத்: சிர்கா…

சிர்கா: தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். நாளைக்கு மாட்டுக் கொட்டாய்க் கூரையில பனி சேர்ந்தா நானும் நாலு வார்த்தை பேசிப் பார்ப்பேன்ல?

ஐசிரெக்: இவளுக்கு எல்லாம் கேலிதான். சாவு வீட்டுலயும் கேலி.

சிர்கா: சாவு என் வீட்டுலக்கா. உன் வீட்டுல இன்னைக்கு விழா. நான் ஒண்ணு கவனிச்சேன் அத்தான். என் புருஷனைப் புதைச்ச அன்னைக்கு, "ஏனோ மனசுக்குச் சரியாப் படலை, அதான் நான் மலைக்குப் போகலை"ன்னீங்க. ஏழாம் நாள் சாப்பாட்டுல, "மேக்கால இருந்து காத்து அடிச்சதை கவனிச்சேன்"னீங்க. நாப்பதாம் நாள் வந்தப்ப, "அடியில சர்க்கரை மாதிரி உதிரிப் பனி, மேல பலகை மாதிரி கெட்டிப் பனி, கால் வெச்சா பலகை வழுக்கும்"னீங்க. பனியை விட வேகமா உங்க அறிவு சேருது.

போலோத்: அடுக்கு அப்படித்தான் இருந்துச்சு. விசாரிக்க வந்தவங்களே தோண்டிப் பார்த்துட்டுச் சொன்னாங்க.

சிர்கா: அவங்க தோண்டினாங்க. சரி. நீங்க எதைத் தோண்டினீங்க?

போலோத்: உன் புருஷனைத் தோண்டினேன். வெறுங்கையால.

சிர்கா: அது தெரியும் அத்தான். அதை நான் சொல்லலை. உங்க நகம் இன்னும் முழுசா முளைக்கலை, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்காக அங்கி போத்தினா முதல் கைத்தட்டல் என்னோடதுதான். ஆனா இன்னைக்குப் போத்தறது அதுக்கில்லையே. போனதுக்கில்ல, போகாம இருந்ததுக்கு.

ஐசிரெக்: போகாம இருக்கிறதுதான் கஷ்டம்னு அந்த பிஷ்கெக் அதிகாரி சொன்னாரே. இந்த ஊரு வழிகாட்டிங்க எல்லாருக்கும் இவரு ஒரு உதாரணமாம். இனிமே இங்க ஸ்கீ விளையாட வர்றவங்களை யாரு கூட்டிட்டுப் போகலாம், யாரு கூடாதுன்னு இவருதான் சொல்லப் போறாரு.

சிர்கா: அடேங்கப்பா! அப்ப பேச்சு தயாரா? சொல்லிக் காட்டுங்க. நான்தான் பிஷ்கெக். இதோ நாற்காலியில உக்காந்துட்டேன். வயித்தை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கணுமோ?

போலோத்: வேணாம் விடு.

சிர்கா: கூச்சப்படாதீங்க. டிவியில கூச்சப்படலையே.

ஐசிரெக்: சொல்லுங்க. ஒரு தடவை சொல்லிப் பார்த்தா நல்லதுதான்.

போலோத்: "மதிப்புக்குரிய விருந்தினர்களே… மலையில பொறுப்புன்னா என்ன? ஏறத் தெரியறது இல்ல. இறங்கத் தெரியறது இல்ல. முடியாதுன்னு சொல்லத் தெரியறதுதான்…"

சிர்கா: அழகு! அக்கா எழுதினதுதானே? பள்ளிக்கூட வாசனை அடிக்குது. ம், அப்புறம்?

போலோத்: "அன்னைக்குக் காலையில…" போதும், மீதி உனக்குத் தெரியும்.

சிர்கா: தெரியாதே. நான் பிஷ்கெக்காச்சே.

போலோத்: "…என் சகலை எர்மெக், நான் எவ்வளவோ சொல்லியும் கேக்காம…"

ஐசிரெக்: அது நாங்களா எழுதலைடி. இளைஞர்களுக்கு ஒரு பாடமா இருக்கும், அந்த ஒரு வரி இருக்கட்டும்னு அவங்கதான் கேட்டாங்க.

சிர்கா: நல்ல பாடம்தான். செத்தவருகிட்ட ஒரு வசதி. எதிர்த்துப் பேச மாட்டாரு. என் வீட்டுக்காரரு உயிரோட இருந்தப்பவே யாரையும் எதிர்த்துப் பேசினதில்லை, இப்பவா பேசிடப் போறாரு?

போலோத்: யாரும் அவனைக் கெட்டவன்னு சொல்லலை சிர்கா. அவனுக்கு மலைன்னா உசிரு. தனக்குப் பிடிச்சதைச் செஞ்சுக்கிட்டேதான் போயிருக்கான்…

சிர்கா: இதைச் சொல்ல இன்னும் ஒருத்தரு பாக்கின்னு நினைச்சேன், நீங்களும் சொல்லிட்டீங்க. துக்கத்துக்கு வந்த ஒவ்வொரு ஸ்கீக்காரனும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு இதையேதான் சொன்னான். அவருக்கு எது பிடிக்கும்னு என்னைக் கேளுங்க. குதிரைக்கறி பிடிக்கும். பிடிச்சதைச் செஞ்சுக்கிட்டே சாகணும்னா, பெஷ்பர்மாக் தட்டுக்கு முன்னாடி, வாய் நிறைய கறியோட சாஞ்சிருப்பாரு. மூக்குல பனி அடைச்சு, மூச்சு முட்டி… அது யாருக்கு அத்தான் பிடிக்கும்? போன வாரம் அல்மாத்தியில இருந்து அந்தப் பையனோட அம்மா வந்திருந்தாங்க. கூடச் செத்த ரெண்டு பேர்ல சின்னவனோட அம்மா. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. "போகாதேன்னு சொன்னாங்களாமே. அப்புறமும் உன் புருஷன் என் பிள்ளையை எதுக்கும்மா கூட்டிட்டுப் போனாரு?"ன்னாங்க. டீ ஊத்திக் கொடுத்தேன். தொடாம எழுந்து போயிட்டாங்க. நான் என்னன்னு பதில் சொல்றது?

போலோத்: அந்தப் பசங்களும் கைக்குழந்தைங்க இல்லை. பனிச்சரிவு வரும், செத்தும் போகலாம்னு தெரிஞ்சுதான் வர்றாங்க. தெரிஞ்சேதான் பணம் கட்டறாங்க.

சிர்கா: வரும்னு தெரியும். எங்க வரும்னு தெரியாது. அதுக்குத்தானே வழிகாட்டி வேணும்னாங்க? அதுவும் உங்களைத்தான் கேட்டாங்க அத்தான். எர்மெக்கைக் கேக்கலை.

ஐசிரெக்: அவருக்கு அன்னைக்கு வயித்து வலி.

சிர்கா: ஓ, அந்த வயித்து வலியா? முந்தின ராத்திரி கல்யாண விருந்துல மாப்பிள்ளையோட தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு ஆடிச்சே, அதுதானே? நான் பார்த்தேன். நல்லா ஆடிச்சு.

ஐசிரெக்: ஜன்னலைச் சாத்துடி. வாசல்ல ஆளுங்க வந்தாச்சு.

சிர்கா: சாத்தறேன்… சாத்தியாச்சு. இப்பச் சொல்லுங்க அத்தான். "நான் எவ்வளவோ சொல்லியும்." என்ன சொன்னீங்க? எப்பச் சொன்னீங்க?

போலோத்: காலையில போன்ல பேசினேன்.

சிர்கா: பேசினீங்க. அவரு அப்ப ரொட்டியை டீயில நனைச்சுத் தின்னுக்கிட்டிருந்தாரு. கையெல்லாம் வெண்ணெய். போனை மேஜை மேல வெச்சு ஸ்பீக்கர்ல போட்டாரு.

போலோத்: …ஸ்பீக்கர்லயா?

சிர்கா: உங்க கொட்டாவி கூடக் கேட்டுச்சு.

போலோத்: இத்தனை நாளா நீ ஒரு வார்த்தை…

சிர்கா: நீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீங்களும் தினம் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தீங்க, வேற வேற கதையா.

ஐசிரெக்: சிர்கா, போதும்.

சிர்கா: நீ பக்கத்துலதானேக்கா படுத்திருந்தே? உனக்கும் தெரியும். "நேத்து சாயந்திரம் வடக்குப் பக்கம் ஏறிப் பார்த்தேன் அண்ணே, காலுக்கு அடியில பனி தொம்முன்னு உக்காந்துச்சு, வேணாம், பசங்களைக் கீழ மரங்களுக்குள்ளேயே சுத்த விட்டுடலாம்." இது யாரு சொன்னது? பனியோட பேசற மனுஷனா?

போலோத்: …எர்மெக்.

சிர்கா: "முந்தாநாள் நான் அங்கதான் இறங்கினேன், வெண்ணெய் மாதிரி இருந்துச்சு, பசங்களுக்கு நாளைக்கு விமானம், கடைசி நாள், ஏமாத்தாதே." இது?

போலோத்: நான்.

சிர்கா: அப்புறம்? …சொல்லுங்க அத்தான். ஆளைப் பார்த்துக் கூச்சமா?

போலோத்: முயல்னேன். "முயல் நெஞ்சை வெச்சுக்கிட்டு வழிகாட்டியா வந்துட்டான், பொண்டாட்டி பாவாடைக்குள்ள போய்ப் படுத்துக்கோ"ன்னேன். போதுமா?

ஐசிரெக்: போதை தெளியாத வாய் ஏதோ சொல்லிச்சு! சொன்னா? யாராவது கேலி பண்ணினா உடனே மலை ஏறிடறதா? அவரு என்ன பச்சைப் பிள்ளையா? இவரு அவரு முதுகுல கை வெச்சா தள்ளினாரு?

சிர்கா: இல்லை.

ஐசிரெக்: அப்புறம் என்ன? இதை வெளிய சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? குடிச்சுட்டு படுத்துக்கிட்டு ஆளை அனுப்பினான்னு கேஸ் போட்டு உள்ள தள்ளுவாங்க. உனக்குப் போனவரு போயிட்டாரு. எனக்கும் போகணுமா? சொல்லுடி. அதுதான் வேணுமா?

சிர்கா: …அவரை ஜெயிலுக்கு அனுப்ப நான் வரலைக்கா. ஒரே ஒரு வரி. "பனி சரியில்லைன்னு சொன்னவன் எர்மெக்." அதை மட்டும் சொல்லட்டும். அங்கியை வேணா ரெண்டா போத்திக்கட்டும்.

ஐசிரெக்: ஊரு எல்லாத்தையும் மறந்துடும். கொஞ்ச நாள் பொறு.

சிர்கா: ஊரு மறக்கட்டும். என் பொண்ணு? பக்கத்துல உக்காந்தவ காதைக் கடிச்சு வெச்சான்னு அவளை மூலையில நிக்க வெச்சியே, எதுக்குக் கடிச்சான்னு கேட்டியா டீச்சரம்மா?

ஐசிரெக்: …கேட்டேன்.

சிர்கா: சொன்னாளா?

ஐசிரெக்: …சொன்னா.

சிர்கா: "உங்கப்பன் ரெண்டு பேரைக் கொன்னவன்"னு அந்தப் பொண்ணு சொன்னதைச் சொன்னாளா?

ஐசிரெக்: சொன்னாடி. சொன்னா.

சிர்கா: கேட்டுட்டுமா நிக்க வெச்சே?

போலோத்: இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே ஐசிரெக்.

ஐசிரெக்: சொல்லி? தூங்காம கிடக்கிற ஆளுகிட்ட இதையும் சொல்லவா?

போலோத்: அந்த ஒரு வரியைச் சொன்னா, அடுத்த கேள்வி வரும் சிர்கா. அப்ப யாரு அனுப்பினதுன்னு.

சிர்கா: வரும்.

போலோத்: நான் பொய் சொல்லணும்னு ஆரம்பிக்கலை. அந்தப் பொண்ணு மைக்கை நீட்டி, "ஆபத்துன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுதா?"ன்னு கேட்டா. கையெல்லாம் ரத்தம், அவனை அப்பத்தான் வெளிய எடுத்துப் போட்டிருக்கேன். தலையை ஆட்டிட்டேன். அவ்வளவுதான். ஆட்டின தலையை அப்புறம் நிறுத்த முடியலை.

சிர்கா: நிறுத்தலாம். கழுத்து உங்களோடதுதானே.

போலோத்: …சரி. சொல்லிடறேன்.

ஐசிரெக்: என்ன சொல்லப் போறீங்க?

போலோத்: நடந்ததை. அவன் வேணாம்னான், நான் போன்னேன்.

ஐசிரெக்: நம்ம பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க…

போலோத்: அவங்களைத்தான் நினைக்கறேன். அவங்களும் எர்மெக் பொண்ணு கூடத்தான் ஒரே பள்ளிக்கூடத்துல உக்காந்திருக்காங்க. விடு ஐசிரெக், கையை விடு. அழாதே, ஆளுங்க உள்ள வரப் போறாங்க… சிர்கா, ஒண்ணு கேக்கணும் உன்னை.

சிர்கா: கேளுங்க.

போலோத்: நான் முயல்னதுக்கு அப்புறம், போனை வெக்கறப்ப, அவன் முடியாதுன்னுதான் சொன்னான். தெளிவாச் சொன்னான். "நீங்க என்ன வேணா திட்டுங்கண்ணே, நான் போகலை, பசங்களுக்கு நானே சொல்லிடறேன்"னான். எனக்குக் கோவம்தான். ஆனா சரி, இன்னைக்கு இல்லைன்னு ஆயிடுச்சுன்னு திரும்பிப் படுத்துட்டேன். மத்தியானம் வந்து எழுப்பி, எர்மெக் பனிக்கு அடியிலன்னாங்க. எனக்குப் புரியவே இல்லை. வேற யாரோன்னு நினைச்சுக்கிட்டே ஓடினேன். இன்னைக்கு வரைக்கும் புரியலை. போகலைன்னவன் எதுக்குப் போனான்?

ஐசிரெக்: என்னங்க, கார் வந்து நின்னுடுச்சு. கூப்பிடறாங்க.

போலோத்: நிக்கட்டும். இதையும்தானே கேப்பாங்க? …சிர்கா? நீ அங்கதானே இருந்தே?

சிர்கா: …நான் சிரிச்சுட்டேன் அத்தான். நீங்க முயல்னு சொன்னதுக்கு. அடக்க முடியலை, வாயில இருந்த டீ எல்லாம் மேஜையில. அவரு போனை வெச்சுட்டு என்னைப் பார்த்தாரு. "சரி, நீங்க வீட்டுலயே இருந்து மாட்டைக் கறங்க, அந்த ஸ்கீயை இப்படிக் கொடுங்க, நான் போய் அந்தப் பசங்களைக் கூட்டிட்டு வர்றேன்"னேன். விளையாட்டுக்குத்தான்… நம்ம வீட்டுல எல்லாரும் பேசிக்கற மாதிரிதான். அவரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டேதான் பூட்ஸை மாட்டினாரு.